வத்தல்மலையிலிருந்து வந்த மேலிலை

பிற்காலத்தில் நான் சேர்ந்து ஓய்வு பெற்ற சுருட்டுக் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இனிமேல் சுருட்டுக்கு மேலே சுற்றுவது இலையாகவே இருக்காதாம். புகையிலைத் தூளைக் கூழாக்கி, காகிதம் போலத் தேய்த்து, உருளையாகச் சுற்றி அனுப்பிவிடுவார்களாம். எல்லாம் ஒரே நிறம், ஒரே ருசி. "இனிமே ருசி பார்க்க ஆளே வேண்டாம் சார்" என்றார் ஒருவர். மற்றவர், "நீங்க பார்த்ததுலயே ரொம்பக் கஷ்டமான இலை எது?" என்று கேட்டார். அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உட்கார்ந்து கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது தருமபுரி, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. பொம்மிடி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே எங்கள் முதலாளி ஒரு சுருட்டுக் கொட்டாய் வைத்திருந்தார். ஓலைக் கூரை, நீளமான கொட்டாய். உள்ளே ஆணும் பெண்ணுமாக வரிசையாக உட்கார்ந்து உருட்டுவார்கள். சரக்கு ரயிலேறி மதராசுக்கும் நீலகிரித் தோட்டங்களுக்கும் போகும். நான் அங்கே இலை பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, நரம்பு உரித்து, பாடம் போட்ட, அதாவது பதப்பட அடுக்கி வைத்த, கட்டுகளைத் திருப்பி வைத்து, சில வருஷங்களில் ருசி பார்க்கும் அறைக்குள் போனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. தும்மிக்கொண்டே இருந்தேன் என்பதுதான் ஞாபகம்.

ருசி பார்க்கும் அறை ஞானப்பிரகாசம் மேஸ்திரியுடையது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பார். ஆனால் முதலாளியே அவர் எதிரில் குரலைத் தாழ்த்திப் பேசுவார். மேஸ்திரி சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சுருட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வாயால் சொல்லவே மாட்டார். அவர் முன்னால் மூன்று மண் தட்டுகள் இருக்கும். நல்லதென்றால் வலது தட்டில் வைப்பார். ஆகாதென்றால் இடது தட்டு. நடுத்தட்டில் வைத்தால் நாளைக் காலை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

வேலை காலையில்தான். அதற்கு முன் உப்போ காரமோ நாக்கில் படக்கூடாது. வேப்பங்குச்சியால் பல் துலக்கினால் கசப்பு நிற்கும் என்று கரித்தூளால் தேய்ப்பார். உப்பில்லாத கம்பங்கூழ் ஒரு சொம்பு. வெற்றிலை கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவருக்கு ரோசம்மா, அவர் மனைவி, தனியாகத் தயிர்சோறு கட்டிக்கொண்டு போவார்.

சுருட்டை எடுத்ததும் காதருகே வைத்து மெல்ல அமுக்குவார். சலசலத்தால் ஈரம் போதாது. சத்தமே இல்லை என்றால் ஈரம் அதிகம். அப்புறம் பற்றவைக்காமலே முகர்ந்து பார்ப்பார். பிறகு நாக்கு நுனியை மேலிலையில் ஒருமுறை வைத்து எடுப்பார். சுருட்டுக்குள் அடைப்பது உள்ளிலை, அதை இறுக்கிச் சுற்றுவது கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணில் படுவது மேலிலை. குடிக்கிறவனின் உதட்டில் முதலில் படுவதும் அதுதான். மெல்லியதாக, நரம்பு தெரியாததாக, வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். கடல் தாண்டி ஜாவாவிலிருந்து வரும் இலைதான் அதற்கு ஏற்றது என்பார்கள்.

பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்து, மருந்து எரிந்து தீரும்வரை காத்திருப்பார். முதல் இழுப்பை அப்படியே வெளியே விட்டுவிடுவார். இரண்டாவதை வாயில் நிறுத்தி மூக்கு வழியாக விடுவார். பிறகு சுருட்டை வைத்துவிட்டு நெருப்பு எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார். வட்டமாக இறங்க வேண்டும். ஒரு பக்கமாக ஓடினால் மேலிலை சமமாகப் பாடமாகவில்லை. சாம்பல் வெளுத்து, உதிராமல் நிற்க வேண்டும். பாதியில் ஒருமுறை இழுப்பார். கடைசியாக ஒரு வாய் பொரி, ஒரு மடக்கு வெந்நீர், துப்பல். பிறகுதான் கை தட்டை நோக்கிப் போகும். நானும் அதே சுருட்டைப் பார்த்து எனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். பல வருஷங்கள் எங்கள் இருவருக்கும் பெரிதாக மாறுபட்டதில்லை.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் இலை வருவது நின்றது. குடோனில் இருந்த கட்டுகள் குறையக் குறையக் கொட்டாயில் பேச்சும் குறைந்தது. உள்ளூர் இலையைச் சுற்றி அனுப்பினோம். கறுத்த நிறம், தடித்த நரம்பு. மதராஸ்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். மேலிலை கிடைக்காவிட்டால் கொட்டாயை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி சொன்னார். அறுபது எழுபது குடும்பங்கள் அதை நம்பியிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் சடையனைப் பார்த்தேன். பொம்மிடி சந்தையில் தேனும் கடுக்காயும் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வத்தல்மலைக்காரர். கையில் தானே உருட்டிய ஒரு சுருட்டு. அதன் நிறத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். தேன் நிறத்தில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. அப்படி ஒரு இலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது எங்க கெடைச்சுது?" என்றேன்.

"எங்கூட்டுக்குப் பின்னால போட்டதுங்க சாமி. ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குக் காவலுக்கு இருந்தேன். அங்க தொரை தனக்குன்னு நாலு செடி வெச்சிருந்தாரு. வரும்போது ஒரு சிட்டிகை வெதை முடிஞ்சாந்தேன்."

"எத்தனை செடி?"

"பலா மரத்தடியில கொஞ்சம். எனக்கும் எங்க மாமனுக்கும் ஆவுற மட்டும்."

அடுத்த சந்தைக்கு ஒரு கட்டு கொண்டுவரச் சொன்னேன். வந்தார். கொட்டாயில் நல்ல கையாகப் பார்த்து உருட்டச் சொல்லி, மறுநாள் காலை மேஸ்திரி முன் வைத்தேன். சடையன் வாசற்படிக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதலாளியும் வந்து நின்றார். அவர் அந்த அறைக்கு வருவதே அபூர்வம்.

மேஸ்திரி எல்லாவற்றையும் வழக்கப்படி செய்தார். நெருப்பு வட்டமாக இறங்கியது. சாம்பல் வெள்ளையாக நின்றது. பொரியை மென்று துப்பிவிட்டுச் சுருட்டை இடது தட்டில் வைத்தார்.

"ஏங்க மேஸ்திரி?" என்றார் முதலாளி.

"கசக்குது."

சடையனின் முகத்தில் எதுவும் மாறவில்லை. "செரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு மீதிக் கட்டை எடுக்கக் குனிந்தார். நான் என் பங்குக்கு இழுத்துப் பார்த்தேன். கசப்பே இல்லை. வறுத்த கொள்ளின் வாசனை, அதற்கடியில் மெல்லிய இனிப்பு. ஜாவா இலையில்கூட அது இருந்ததில்லை.

"எனக்குக் கசக்கலீங்க" என்றேன். எல்லோர் எதிரிலும் அவரை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. சுருட்டை இடது தட்டிலிருந்து எடுத்து நடுத்தட்டில் வைத்தார். சடையனைக் கட்டை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாளும் அவருக்குக் கசந்தது. அதற்கு மறுநாள் நான் போனபோது அறைக்கதவைச் சாத்தி வைத்திருந்தார். மேசையில் ஒரு கறுப்புத் துணி.

"தீர்த்தகிரி, நீ ஒண்ணு பண்ணு. மூணு சுருட்டு எடு. உள்ளே எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும். மேல ஒண்ணுக்கு ஜாவா, ஒண்ணுக்கு உள்ளூரு, ஒண்ணுக்கு அந்த மலை எலை. என் கண்ணைக் கட்டிட்டு எந்த வரிசையில வேணும்னாலும் குடு. எதுன்னு எங்கிட்ட சொல்லாத."

துணியைக் கட்டும்போது அவர் கன்னம் என் விரலில் பட்டது. இடது பக்கம் உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. நான் கேட்கவில்லை.

முதலில் ஜாவா இலைச் சுருட்டைக் கொடுத்தேன். மூக்கு வழியாகப் புகையை விட்டார். "கசப்பு" என்றார். பொரி, வெந்நீர். இரண்டாவது, மலை இலை. "கசப்பு." மூன்றாவது, பொம்மிடியில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற முரட்டு இலை. அதைச் சற்று அதிக நேரம் வாயில் வைத்திருந்தார்.

"மூணும் ஒரே எலையாப்பா?" என்றார்.

வெளியே உருட்டுகிற பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளதச் சொல்லு."

"மூணும் வேற வேறங்க. மொதல்ல குடிச்சது ஜாவாங்க."

அவர் துணியை அவிழ்க்கவில்லை. அப்படியே கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தானே அவிழ்த்து, மடித்து வைத்துவிட்டு, முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி, என் வாய் போச்சுங்க. எப்ப போச்சுன்னு தெரியல. ஆறேழு மாசமா நான் தள்ளினதெல்லாம் சரியா தப்பான்னு எனக்கே இப்ப சொல்லத் தெரியல. அந்த மலை எலை நல்ல எலைன்னு தீர்த்தகிரி சொல்றாரு. அவரு சொல்றத எடுத்துக்குங்க."

முதலாளி ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தார். மேஸ்திரி வாயைத் திறந்து கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக, விளிம்பில் சிவந்து, ஒரு புண். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். திரும்பி வந்தபின் அவரால் பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ரோசம்மா கஞ்சியை வடிகட்டிச் சங்கில் ஊட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ரோசம்மாவால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு மூணும் ஒரே எலைதான்னு நீங்க சொல்லியிருந்தா என்ன தம்பி? இன்னும் ஒரு வருசம் தெரியாமலாவது இருந்திருப்பாரே. வேலைக்குப் போய் வந்துகிட்டு இருந்திருப்பாரே."

மேஸ்திரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னை அருகே வரச் சொல்லிச் சைகை காட்டினார். என் கையைப் பிடித்து விரல்களை முகர்ந்தார். அன்று காலை மலை இலைக் கட்டுகளைப் பிரித்துவிட்டு வந்திருந்தேன். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு என் கையைத் தன் வலது பக்கம் கொண்டுபோய்ப் பாயின்மேல் வைத்துத் தட்டினார். அந்த வலது தட்டு ரோசம்மாவுக்குத் தெரியாது. நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். கார்த்திகை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த இலையைச் சுற்றிப் போன பெட்டிகள் எதுவும் திரும்பி வரவில்லை. இன்னும் அனுப்பு என்றுதான் கடிதம் வந்தது. ஆனால் சடையன் வீட்டுப் பலா மரத்தடியில் எத்தனை இலை விளையும்? முதலாளி டோலி கட்டிக்கொண்டு மலையேறினார். ஊர்க்கூட்டம் போட்டு, சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவு முழுவதும் புகையிலை போடச் சொன்னார். மலைக்காரர்கள் தயங்கினார்கள். அவர்கள் முதலாளியைப் பார்க்கவில்லை, சடையனைத்தான் பார்த்தார்கள். சடையன் என்னைப் பார்த்தார்.

"எலை நல்லா இருக்குதுன்னு நீங்கதான சாமி சொன்னீங்க?"

"நல்லா இருக்குது. ஆனா அது நெழல்ல வெளைஞ்சது" என்றேன். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "வெட்ட வெயில்ல போட்டா எலை தடிச்சுப் போயிருங்க. மரத்தடியில எவ்வளவு போட முடியுமோ அவ்வளவு போதுங்க" என்றேன்.

"அதே மலை, அதே மண்ணு, அதே பனி" என்றார் முதலாளி. "ருசி பாக்கறதுதான் உன் வேலை. வெவசாயம் பாக்கறது அவங்க வேலை."

நாற்று விட்டார்கள். ஆவணியில் சாமைக்கதிர் ஆடவேண்டிய சரிவில் புகையிலை நின்றது. அந்த வருஷம் மழையும் போக்குக் காட்டியது. மேகம் வந்து வந்து கலைந்தது. தை மாதம் கட்டுகள் இறங்கின. சடையன் முதல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் இருபது பேரோடு வந்தார். கட்டைப் பிரிக்கும் முன்பே, தூக்கிப் பார்த்த கனத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் முறைப்படி பார்த்தேன். அப்போது அந்த அறையில் நான் மட்டும்தான். காதருகே வைத்தேன். முகர்ந்தேன். நாக்கு நுனி வைத்ததும் சுருக்கென்றது. பற்றவைத்தால் நெருப்பு ஒரு பக்கமாக ஓடியது. இரண்டாவது இழுப்பில் வாய் முழுக்கக் கசந்தது.

சுருட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். இலைதான் கசக்கிறதா, என் வாய்தான் போய்விட்டதா? மேஸ்திரியும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தார்? கொட்டாயில் இருந்த கண்ணாடியை எடுத்துவந்து வாய்க்குள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பார்த்தேன். கசந்தது. அதற்கு மறுநாளும். வெளியே மலைக்காரர்கள் கொட்டாய்ச் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கையில் கொண்டுவந்த களி தீர்ந்து, கொட்டாய்ப் பெண்கள் அவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் சடையனை உள்ளே கூப்பிட்டேன். அவர் அந்த வாசற்படியைத் தாண்டி வந்தது அன்றுதான். உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"சடையா, எனக்கு என் வாய் மேல நம்பிக்கை இல்ல. நீயே குடிச்சுப் பாத்துச் சொல்லு."

"நானா சாமி?"

"உன் எலைதானே. உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அவர் சுருட்டை வாங்கி இழுத்தார். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். இனிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், என் வாயைச் சந்தேகித்துக்கொண்டு நானும் தலையாட்டியிருப்பேனோ என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் புகையை மெதுவாக விட்டார். நெருப்பைப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"கசக்குதுங்க சாமி" என்றார். "இது எங்கூட்டு எலை இல்லீங்க."

எழுந்து வெளியே போய்த் தன் ஆட்களிடம் அவரே சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "அப்ப நாங்க எதைத் திங்கறது சடையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

உள்ளிலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். மேலே சுற்ற இலை இல்லாதபோது உள்ளே அடைத்து என்ன செய்வது என்றார். அதுவும் உண்மைதான். பங்குனியில் கொட்டாய் மூடப்பட்டது. கீழே ஊர்களில் ரேஷன் கார்டுக்கு அளந்து தானியம் போட்டார்கள். மலையில் யாரிடமும் கார்டு இல்லை. காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். சடையனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இளையது போய்விட்டது என்று சந்தைக்கு வந்த ஒருவர் சொன்னார். ஊரில் சடையனை ஒதுக்கிவிட்டார்கள், அடுப்புக்கு நெருப்புகூட அவரோடு யாரும் மாற்றிக்கொள்வதில்லை என்றும் சொன்னார்.

எனக்குப் பொம்மிடி கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிற வேலை கிடைத்தது. சில மாதங்களுக்குப் பிறகு, வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவர்களில் ஒருவராகச் சடையன் அங்கே வந்து சேர்ந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைத் தெரிந்துகொண்டு கும்பிட்டார். நான் பிள்ளையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

மதிய வேளைகளில் புளிய மரத்தடியில் அருகருகே உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நாள் அவர் களியை உருட்டி வாயில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சாமி, அன்னைக்கு மொதல்ல எங்கூட்டு எலையக் கசக்குதுன்னு சொன்னாரே ஒரு மேஸ்திரி. அவரு எப்படி இருக்காருங்க?"

"அவரு தவறிட்டாரு சடையா. வாயில புண்ணு. அதனாலதான் அவருக்குக் கசந்துது. அவரு சொன்னது தப்பு. உன் எலை நல்ல எலை."

சடையன் தலையாட்டினார். எதிரே தண்டவாளத்தில் ஒரு வண்டி தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றது.

"அவரு சொன்னதே நின்னிருக்கலாமுங்க" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஷெட்டிலிருந்து விசில் ஊதினார்கள். இறக்க வேண்டிய மூட்டைகள் இன்னும் பாதி இருந்தன. அவர் துண்டை உதறித் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார்.